இனிப்பு ஒயினுக்கு உப்புத்தான் ஜோடி

ஸ்பெயின் ஒயின் என்றதும் பலருக்கும் ரியோஹா சிவப்புதான் ஞாபகம் வரும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஷெர்ரி என்பார்கள். இந்த இரண்டிலும் சேராமல், கடை அலமாரியின் கீழ்த்தட்டில், சின்னப் புட்டிகளில், வெளிர் தங்க நிறத்தில் ஒரு ஒயின் இருக்கும். முகப்புச் சீட்டில் 'வெந்திமியா தார்தியா', அதாவது தாமத அறுவடை, என்று போட்டிருக்கும். ஊரெல்லாம் செப்டம்பரில் திராட்சை அறுவடையை முடித்து, கூடைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகும், அக்டோபர், நவம்பர், சில வருஷங்களில் டிசம்பர் வரை கொடியிலேயே விட்டுவைத்த பழத்தில் செய்கிற வெள்ளை இனிப்பு ஒயின் இது.

நான் சரகோசாவில் வசிக்கிறேன். இங்கே உணவகங்களில் இந்த ஒயினைக் கேட்டால், சாப்பாடெல்லாம் முடிந்து கேக் வரும்போதுதான் கொண்டுவந்து வைப்பார்கள். இனிப்புக்கு இனிப்பு என்ற கணக்கு. அந்தக் கணக்கு எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை. இந்த ஒயினுக்கு உப்பும் கொழுப்பும் கொஞ்சம் கசப்பும்தான் பொருத்தமான துணை. ஏன் அப்படி என்று சொல்ல வேண்டுமானால், அது எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சரகோசாவிலிருந்து எப்ரோ ஆற்றை ஒட்டி வடமேற்கே போனால் துதேலா வரும். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கொரெல்யா, சிந்த்ருவெனிகோ என்று இரண்டு ஊர்கள், அலாமா என்கிற சின்ன ஆற்றின் கரையில். நவார்ரா மாகாணத்தின் தென்கோடி. ரிபேரா பாஹா என்று இந்தப் பகுதியைச் சொல்வார்கள். நவார்ரா என்றால் பசுமையான மலை, பிரெனீஸ் பனி என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்த மண்ணைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வறண்ட பூமி. கிழக்கே பார்தேனாஸ் ரியாலெஸ் என்கிற அரைப் பாலைவனம். தெற்கே மொன்காயோ மலை, 2,300 மீட்டருக்கு மேல் உயரம். குளிர்காலத்தில் உச்சியில் பனி பிடித்திருக்கும்.

இந்த ஊர்களில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது காற்று. சியெர்சோ என்று பெயர். வடமேற்கிலிருந்து எப்ரோ பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வரும் உலர்ந்த, குளிர்ந்த காற்று. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் ரோமானியரான கேட்டோ இதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்: பேச வாயைத் திறந்தால் வாயை நிரப்பும், ஆயுதம் தாங்கிய ஆளையும் பாரம் ஏற்றிய வண்டியையும் தள்ளிவிடும் என்று. சரகோசாவில் பாலத்தின் மேல் நடந்து ஆற்றைக் கடந்தவர்கள் யாரும் இதை மிகை என்று சொல்ல மாட்டார்கள். இலையுதிர் காலத்தில் எப்ரோ பள்ளத்தாக்கில் மூடுபனியும் உண்டு. காலையில் ஆற்றுப்பக்கம் பனி மூடிக் கிடக்கும். அப்புறம் வெயில் வரும், காற்று வரும், எல்லாம் உலர்ந்துவிடும். திராட்சையைத் தாமதமாக அறுக்க இந்த இரண்டும் வேண்டும். பனி மட்டும் இருந்தால் பழம் அழுகிப் போகும். காற்று மட்டும் இருந்தால் பழம் உலர்ந்து சுருங்குவதோடு சரி.

இங்கே பயிராகும் திராட்சை மொஸ்கதேல் தே கிரானோ மெனூதோ. மொஸ்கதேல் குடும்பத்தில் பழைய வகை, சின்ன மணி. ஸ்பெயினின் தெற்கிலும் கிழக்குக் கடற்கரையிலும் அதிகம் காணப்படும் பெரிய மணி மொஸ்கதேல், அதாவது அலெஹாந்திரியா வகை, இந்தச் சின்ன மணி வகையின் பிள்ளை என்று மரபணுச் சோதனையில் தெரியவந்திருக்கிறது. மணி சின்னது என்பதால் சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு பெரிய மணி வகையைவிட அதிகம். மணத்தில் பெரும்பங்கு தோலில்தான் இருக்கிறது. பழுத்த பிறகும் புளிப்பை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. மேலே சொன்ன பொருத்தத்துக்கெல்லாம் அடிப்படை அந்தப் புளிப்புதான்.

இந்தக் கொடி கிட்டத்தட்ட இல்லாமலே போயிருக்கும். 1890களில் பிலாக்ஸெரா என்கிற வேர்ப்பேன் நவார்ராவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. திரும்ப நட்டபோது விவசாயிகள் நிறைய காய்க்கிற, நோய் தாங்குகிற கர்னாச்சா சிவப்புத் திராட்சையை நட்டார்கள். வயிற்றுப்பாடு என்று வரும்போது யாரும் குறைவாகக் காய்க்கிற மணக்கொடியை நட மாட்டார்கள், அதில் தப்பும் இல்லை. மொஸ்கதேல் அங்கங்கே வரப்போரமாக, பழைய தோட்டங்களில் சில வரிசைகளாக மட்டும் மிஞ்சியது. பிறகு அதைத் தேடி எடுத்துத் திரும்பக் கொண்டுவந்ததில் ஒலீத்தே ஊரிலிருக்கும் எவேனா என்கிற அரசு ஆராய்ச்சி நிலையத்துக்கும், அதே ஊர் ஒச்சோவா குடும்பத்துக்கும் பெரிய பங்கு உண்டு. சிந்த்ருவெனிகோவின் சிவீத்தே குடும்பம் 1647லிருந்து ஒயின் தொழிலில் இருந்ததற்கு ஆவணம் இருக்கிறது. 1860இல் முதன்முதலாக வெளிநாட்டுக்கு ஒயின் அனுப்பியதன் 125ஆம் ஆண்டைக் கொண்டாட 1985இல் 'கொலெக்சியோன் 125' என்ற வரிசையைத் தொடங்கினார்கள். பின்னர் அந்த வரிசையில் வந்த மொஸ்கதேல் வெந்திமியா தார்தியாதான், ஸ்பெயினிலும் இப்படி ஒரு ஒயின் செய்ய முடியும் என்று உலகத்துக்குக் காட்டியது. 2017இல் நிறுவனம் கைமாறிவிட்டது. ஒயின் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

கொடியில் விட்ட பழத்துக்கு என்ன ஆகிறது?

காலைப் பனியில் நனைந்த பழத்தின் மேல் பாட்ரைடிஸ் என்கிற பூஞ்சை வந்து உட்காரும். அதன் இழைகள் தோலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைப் போடும். மதியம் காற்று அடிக்கும்போது அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாகும். பழம் சுருங்கும். உள்ளே சர்க்கரை, புளிப்பு, கிளிசரால் எல்லாம் அடர்ந்துபோகும். இதே பூஞ்சை, மழை விடாமல் பெய்தால், அதே தோட்டத்தை ஒரு வாரத்தில் சாம்பல் அழுகலாக்கிக் குப்பைக்கு அனுப்பிவிடும். நல்லதும் கெட்டதும் ஒரே பூஞ்சை, வானிலைதான் வேறு.

மொஸ்கதேலில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் மணத்துக்குக் காரணம் லினலூல், ஜெரானியால் போன்ற டெர்பீன்கள். ரோஜா, ஆரஞ்சுப்பூ, லிச்சிப் பழம் என்று நாம் சொல்லும் மணங்கள் இவற்றால் வருபவை. பாட்ரைடிஸ் இந்த டெர்பீன்களைத் தின்றுவிடும். முழுத் தோட்டத்தையும் பூஞ்சைக்கு விட்டால் தேன், குங்குமப்பூ, ஆரஞ்சுத்தோல் ஜாமின் மணம் வரும், ஆனால் மொஸ்கதேல் என்று அடையாளம் தெரியாமல் போகும். ஆகவே இவர்களுக்குப் பூஞ்சை கொஞ்சமாகத்தான் வேண்டும். கொஞ்சம் பழம் பூஞ்சை பிடித்ததாக, கொஞ்சம் வெறும் காற்றில் சுருங்கியதாக, இரண்டும் கலந்து வர வேண்டும். சியெர்சோ இல்லாவிட்டால் அந்தக் கலவை கிடைக்காது.

கொரெல்யாவுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் நவம்பர் அறுவடையைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. இலைகள் முக்கால்வாசி உதிர்ந்துவிட்டன. மிச்சமிருந்தவை மஞ்சள். குலையைக் கையில் எடுத்தால் ஒரே குலையில் மூன்று விதமான மணிகள்: இன்னும் உருண்டையாகத் தங்க நிறத்தில் சில, ஊதா கலந்த பழுப்பு நிறத்தில் சாம்பல் தூவியதாகச் சில, உலர்திராட்சையாகவே ஆகிவிட்டவை சில. அறுக்கிற அம்மாள் ஒருவர் சின்னக் கத்தரிக்கோலால் குலையின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டிக் கூடையில் போட்டார். மறு பக்கத்தைக் கொடியிலேயே விட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டார். அது இன்னும் தயாராகவில்லை, பிறகு வந்து பார்ப்பார்களாம். இப்படிப் பல தடவை அதே வரிசைக்குத் திரும்பி வருவார்கள். வெட்டியதில் ஏதாவது மணி பச்சைப் பூசணம் பிடித்ததாகவோ புளித்துப்போன வாடை அடிப்பதாகவோ இருந்தால் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துத் தூர எறிவார்கள். கையுறை போட்டிருந்தாலும் விரல்கள் ஒட்டும்.

நான் ஒரு சுருங்கிய மணியை வாயில் போட்டேன். பார்க்க அழுகல், மெல்ல ஜாம். தோல் தடிமனாக நாக்கில் நின்றது. முதலில் சர்க்கரை, அப்புறம் எங்கிருந்தோ ஒரு எலுமிச்சைப் புளிப்பு எழுந்து வந்து வாயைச் சுத்தம் செய்தது. தோட்டத்துக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "புளிப்பு வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றேன். "அதுக்குத்தான் காத்திருக்கோம். சர்க்கரை யார் வேணும்னாலும் கொண்டுவந்துடலாம்."

காத்திருப்பது சும்மா இல்லை. அந்த இரண்டு மாதத்தில் தோட்டத்துக்கு வராத விருந்தாளி கிடையாது. மைனா இனத்தைச் சேர்ந்த எஸ்தோர்னினோ பறவைகள் கூட்டங்கூட்டமாக இறங்கும். ஊரில் வேறு எங்கும் பழம் மிச்சமில்லாத நேரம் ஆயிற்றே. ராத்திரியில் காட்டுப்பன்றி வரும். ஆலங்கட்டி மழை வந்தால் அன்றைக்கே கதை முடிந்தது. எல்லாம் தப்பி வந்தாலும், தண்ணீர் போய்விட்ட பழத்தில் பிழிய என்ன இருக்கும்? செப்டம்பரில் கிடைத்திருக்கும் சாற்றில் பாதிகூடத் தேறாது. பழம் சரியாக அமையாத வருஷத்தில் இந்த ஒயினைச் செய்யாமலே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. புட்டி ஏன் சின்னதாக இருக்கிறது, விலை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு அந்தத் தோட்டத்தைத்தான் காட்ட வேண்டும்.

ஒயின் கூடத்துக்குள் நடப்பது கணக்குதான். சாதாரணமாகப் பழுத்த திராட்சைச் சாற்றில் லிட்டருக்கு 220 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். ஈஸ்ட் சுமார் 17 கிராம் சர்க்கரையைத் தின்று ஒரு சதவீத ஆல்கஹால் தரும். 220 கிராமும் தீர்ந்தால் 13 சதவீதம், சர்க்கரை மிச்சமில்லாத ஒயின். தாமதமாக அறுத்த பழத்தின் சாற்றில் 350 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு சர்க்கரையில் ஈஸ்ட் திணறும், மாதக்கணக்கில் மெதுவாக வேலை செய்யும். 12.5 சதவீதம் வந்ததும் குளிரூட்டியும் வடிகட்டியும் நிறுத்திவிடுவார்கள். 212 கிராம் தீர்ந்தது, மிச்சம் 138 கிராம். அந்த மிச்சம்தான் நம் வாயில் படும் இனிப்பு. கடையில் விற்கும் கோலா பானத்தைவிட அதிகச் சர்க்கரை! ஆனாலும் திகட்டுவதில்லை என்றால், காரணம் அந்த நவம்பர் மணியில் இருந்த புளிப்பு. சிவீத்தே மாதிரிச் சிலர் பிரெஞ்சு ஓக் பீப்பாயில் வைத்து நொதிக்கவிடுவார்கள், அதில் வெண்ணெய், வறுத்த முந்திரி மாதிரி ஒரு ஆழம் சேரும். ஒச்சோவா வழி வேறு, பீப்பாய் வாடை இல்லாமல் பூமணத்தை முன்னே நிறுத்துவது. எனக்குச் சீஸோடு என்றால் முதலாவது, பழத்தோடு என்றால் இரண்டாவது.

கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மொஸ்கதேல் என்று எழுதிய மலிவான புட்டிகள் பல உண்மையில் மிஸ்தேலா. நொதிக்காத திராட்சைச் சாற்றில் ஆல்கஹாலை ஊற்றிக் கலந்தது. ஆல்கஹால் அளவு 15 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்கும். அதைக் குறை சொல்லவில்லை, வெயில்காலத்தில் ஐஸ் போட்டுக் குடிக்க அதுவும் நல்ல பானம்தான். ஆனால் சீஸ் பக்கத்தில் வைத்தால் அதன் சூடு முன்னால் வந்துவிடும். தாமத அறுவடை ஒயினில் வெளியிலிருந்து ஆல்கஹால் சேர்ப்பதில்லை, பெரும்பாலும் 12, 13 சதவீதத்தில் நிற்கும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

முதல் ஜோடி ரொன்கால் சீஸ். இதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த முடியாது. நவார்ராவின் வடகிழக்கு மூலையில், பிரெனீஸ் மலையில், ஏழு கிராமங்கள் சேர்ந்த பள்ளத்தாக்கு ரொன்கால். அங்கே காய்ச்சாத ஆட்டுப்பாலில், செம்மறி ஆட்டுப்பாலில் மட்டும், செய்து குறைந்தது நான்கு மாதம் முதிரவைக்கும் கெட்டியான சீஸ். ஸ்பெயினில் பிறப்பிடப் பாதுகாப்புப் பெற்ற முதல் சீஸ் இதுதான், 1981இல். கோடையெல்லாம் மலையில் மேய்ந்த அந்தப் பள்ளத்தாக்கின் மந்தைகள் குளிருக்குத் தெற்கே இறங்கும். எங்கே வருகின்றன? பார்தேனாஸ் ரியாலெஸுக்கு. பல நூற்றாண்டுகளாக உள்ள உரிமைப்படி ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 18ஆம் தேதி மந்தைகள் உள்ளே நுழையலாம். அந்த நாளில் ஆயிரக்கணக்கான ஆடுகள் பார்தேனாஸ் வாசலைக் கடக்கும் காட்சியைப் பார்க்கவே கூட்டம் கூடும். எப்ரோவுக்கு அக்கரையில் ஆடுகள் வந்து சேரும் அதே வாரங்களில்தான் இக்கரையில் மொஸ்கதேலை அறுக்காமல் விட்டுவைக்கிறார்கள்.

ரொன்காலை மெல்லிய முக்கோணத் துண்டுகளாக நறுக்கி, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிடுங்கள். மேலே எண்ணெய் கசிந்த மாதிரி மினுமினுப்பு வரும். வாயில் போட்டால் முதலில் உப்பு, பிறகு ஆட்டுப்பாலின் கொழுப்பு, கடைசியில் தொண்டையில் லேசான காரம். அந்தக் காரம் நிற்கும்போது ஒரு வாய் ஒயின். கொழுப்பைப் புளிப்பு வழித்துக்கொண்டு போகும், உப்பு ஒயினின் பழச்சுவையைத் தூக்கிவிடும், காரத்தின் மேல் இனிப்பு படியும். அடுத்த துண்டு முதல் துண்டு மாதிரியே புதிதாக இருக்கும். ஸ்பெயின்காரர்கள் ஆட்டுச் சீஸோடு மெம்பிரியோ என்கிற இனிப்புக் கட்டியைச் சேர்த்துச் சாப்பிடுவது வழக்கம். இந்த ஒயின் இருக்கும்போது மெம்பிரியோ தேவையில்லை என்பது என் கட்சி. இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன, ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்கின்றன.

இதியாசாபல் பாஸ்க் நாட்டிலும் நவார்ராவிலும் செய்யும் செம்மறிச் சீஸ், புகை போட்டும் போடாமலும் கிடைக்கும். அதுவும் சேரும், ஆனால் புகை அதிகம் போட்டது என்றால் பூமணம் அடிபடும். பீப்பாயில் நொதித்த ஒயின் என்றால் தாங்கும்.

நீலச் சீஸ் என்று வந்தால் சரகோசா மத்தியச் சந்தையில் சீஸ் விற்கும் ஒரு பெரியம்மாவின் பேச்சைத்தான் நான் கேட்பேன். 1903இல் கட்டிய இரும்புக் கட்டடம் அது, ரோமானிய மதில் சுவரின் பக்கத்தில். நான் கப்ராலெஸ் கேட்டபோது, எதோடு சாப்பிடப் போகிறாய் என்று விசாரித்தார். மொஸ்கதேல் என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "வேண்டாம்மா. கப்ராலெஸ் அதைக் கொன்னுடும். வல்தியோன் எடுத்துக்கோ." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கப்ராலெஸ் அஸ்தூரியாஸ் மலைக்குகைகளில் குறைந்தது இரண்டு மாதம் முதிர்வது, நாக்கைக் குத்தும் உக்கிரம். அதற்கு உள்ளூர் ஆப்பிள் சாறு மதுவோ, இன்னும் அடர்த்தியான பேத்ரோ ஹிமெனெஸ் ஒயினோதான் ஈடு கொடுக்கும். வல்தியோன் அதே பிகோஸ் தே எவ்ரோப்பா மலையின் லியோன் பக்கத்தது. மேப்பிள் இனத்து மர இலையில் சுற்றியிருப்பார்கள். உள்ளே வெண்ணெய் பதம், நீலப் பூஞ்சை சமமாகப் பரவி, உப்பு கூர்மையாக ஆனால் மரியாதையாக இருக்கும். பூஞ்சை தொட்ட திராட்சையும் பூஞ்சை வளர்த்த பாலும் வாயில் சந்திக்கும்போது, இரண்டிலும் தனியாக இல்லாத ஒரு சுவை, தேனில் ஊறிய கொட்டைப் பருப்புச் சுவை, எழும். இந்த ஒயினைப் பற்றி ஒருவருக்கு ஒரே ஒரு வாய் மட்டும் கொடுத்துப் புரியவைக்க வேண்டுமென்றால் நான் வல்தியோனைத்தான் எடுப்பேன்.

பாம்பலோனா, சான் செபாஸ்தியான் பக்கம் போனால் இதற்கு முதல் ஜோடி ஃபுவா கிரா என்பார்கள். வாத்துக்கு வலுக்கட்டாயமாகத் தீனி ஊட்டிப் பெருக்கவைத்த ஈரல். இந்தியா 2014இல் இதன் இறக்குமதியைத் தடை செய்தது. சுவைப் பொருத்தம் பற்றிய வாதம் எனக்குப் புரிகிறது, ஈரலின் கொழுப்புக்கும் இரும்புச் சுவைக்கும் இந்த ஒயின் அபாரமாகச் சேரும். ஆனால் அந்தத் தீனி ஊட்டும் முறை தெரிந்த பிறகு என்னால் அதை வாங்க முடியவில்லை. கோழி ஈரலை வெண்ணெயில், நன்றாகச் சிவக்க வதக்கிய வெங்காயத்தோடு சேர்த்து, உப்பு மிளகு போட்டு அரைத்து, ஆறவைத்து ரொட்டியில் தடவினால் அதே பொருத்தம் கிடைக்கிறது. ஈரலின் அந்த லேசான கசப்பு இங்கே முக்கியம். அதை இனிப்புதான் அடக்கும்.

சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பதென்றால் மர்கோனா பாதாம் போதும். ஆலிவ் எண்ணெயில் பொரித்து உப்பு தூவியது. ஒரு கிண்ணம் வைத்தால் யாரும் பேச மாட்டார்கள், கை மட்டும் போய்வந்துகொண்டிருக்கும்.

இனிப்புப் பண்டங்களை நான் அறவே ஒதுக்கவில்லை. ஒரு விதிதான்: பண்டத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும். மாறிப்போனால் ஒயினில் புளிப்பு மட்டும் மிஞ்சி, தண்ணீர் மாதிரி ஆகிவிடும். இந்த விதிக்குள் அழகாக அடங்குவது குவஹாதா. செம்மறிப் பாலை ரென்னெட் விட்டு உறையவைத்தது, தயிரைவிட மென்மை, புளிப்பு கிடையாது. நவார்ராவின் உல்த்சாமா பள்ளத்தாக்கில் பழைய காலத்தில் நெருப்பில் காய்ச்சிய கல்லை மரப்பாத்திரத்துப் பாலுக்குள் போட்டுச் சூடாக்குவார்கள். அந்தக் காந்தல் வாசம் குவஹாதாவின் அடையாளம், இப்போதும் சில வீடுகளில் வேண்டுமென்றே கொண்டுவருகிறார்கள். மேலே தேன் ஊற்றித் தருவது வழக்கம். தேனை ஊற்றாமல் விட்டு, தேனின் இடத்தில் ஒயினைக் குடியுங்கள். சான் செபாஸ்தியான் பழைய ஊரில் லா விஞா என்கிற பாரில் பிறந்து இப்போது உலகமெல்லாம் பரவிவிட்ட கருகிய சீஸ் கேக்கும் அருமையான பொருத்தம், மேல்தோலின் கசப்பு அதற்குக் காரணம். கோடையில் பீச் பழத்தைப் பாதியாக வெட்டி, வெட்டுப்பக்கம் தோசைக்கல்லில் படும்படி வைத்துக் காந்தவிட்டு, நாலு கல் உப்பு தூவிப் பாருங்கள்.

சேராதவை: கறுப்பு சாக்லெட் இந்த ஒயினை அழித்துவிடும். தூரோன் என்கிற பாதாம் தேன் மிட்டாய், கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டிலும் இருப்பது, ரொம்ப இனிப்பு. வினிகர் வேண்டவே வேண்டாம். துதேலாவின் பெருமையான கொகோயோ, அந்தக் குட்டி லெட்யூஸ், வினிகரும் நெத்திலியும் போட்டு வந்தால் உள்ளூர் ரோசே ஒயினோடு சாப்பிடுங்கள்.

நம் சமையலறைக்கும் இந்த ஒயினுக்கும் வேதியியல் வழியாக நேரடி உறவு இருக்கிறது. மொஸ்கதேலின் பூமணத்தில் முக்கியமான லினலூல்தான் கொத்தமல்லி விதையின் வாசத்துக்கும் காரணம். பாட்ரைடிஸ் பிடித்த ஒயின்களில் உண்டாகும் சோட்டலோன் என்கிற பொருள் வெந்தயத்தின் மணத்துக்கே மூலம். ஒரு பழைய வெந்திமியா தார்தியாவை முகர்ந்தபோது எனக்கு வெந்தயம் தாளித்த வாசம் வந்தது மனப்பிரமை இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்காக வெந்தயக் குழம்போடு குடிக்கச் சொல்ல மாட்டேன். புளி உள்ளே வந்தால் ஒயினின் புளிப்பு தோற்றுப்போகும். மல்லி வறுத்துப் பொடித்து, மிளகு தூக்கலாகப் போட்டு, புளியோ தக்காளியோ இல்லாமல் நெய்யில் சுருள வதக்கிய ஆட்டு ஈரல் வறுவல் சேர்கிறது. அதை இங்கே நண்பர்கள் வீட்டில் செய்து வைத்தபோது தட்டு காலியான வேகமே சாட்சி.

நவார்ராவோடு இது முடிந்துவிடவில்லை. தெற்கே மாலகாவின் அக்சார்கியா மலைகளில், மனிதன் நிமிர்ந்து நிற்கவே சிரமப்படும் பலகைக்கல் சரிவுகளில், கோவேறு கழுதை கொண்டு அறுக்கும் மொஸ்கதேல் தே அலெஹாந்திரியா உண்டு. ஸ்பெயினுக்குள் பிலாக்ஸெரா முதலில் நுழைந்ததும் அந்தப் பக்கம்தான், 1878இல் மொக்லினெஹோவில். தெல்மோ ரோத்ரிகெஸும், ஆஸ்திரியாவின் இனிப்பு ஒயின் மேதை அலோய்ஸ் க்ராஹரோடு சேர்ந்து ஹோர்ஹே ஒர்தோஞெஸும் அந்த மலைகளின் ஒயினுக்குப் புது வாழ்வு கொடுத்தார்கள். அங்கே பழத்தை அறுத்து வெயிலில் காயவைப்பதும் வழக்கம், அது வேறு வகை. பாஸ்க் நாட்டில் சக்கோலி என்கிற உள்ளூர் வெள்ளை ஒயினுக்கான ஹொந்தர்ராபி திராட்சையிலும் சிலர் தாமத அறுவடை ஒயின் செய்கிறார்கள். இனிப்பு குறைவு, புளிப்பு அதிகம். அதற்கு நண்டு, கணவாய் எல்லாம் ஒத்துவரும்.

பரிமாறும்போது 8 முதல் 10 டிகிரி. அதற்குக் கீழே போனால் மணம் அடைத்துக்கொள்ளும். கட்டைவிரல் அளவுக் கோப்பை வேண்டாம், சாதாரண வெள்ளை ஒயின் கோப்பையில் கால்பங்கு ஊற்றினால்தான் மூக்குக்கு இடம் கிடைக்கும். ஒருவருக்கு 60, 70 மில்லி தாராளம். 375 மில்லி புட்டி ஐந்து பேருக்கு வரும். திறந்த புட்டியை மூடிக் குளிரில் வைத்தால் ஒரு வாரம் நன்றாகவே இருக்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் இன்னும் மேலாக இருப்பதும் உண்டு. திறக்காத புட்டியைப் படுக்கவைத்துப் பத்து வருஷம் விட்டால் நிறம் ஆழ்ந்த அம்பராகும், பூமணம் போய் ஆரஞ்சுத்தோல், தேநீர், மெழுகு, அந்த வெந்தயம் எல்லாம் வரும். அப்படி முதிர்ந்த புட்டி கிடைத்தால் இளம் சீஸ் வேண்டாம், பத்து மாதத்துக்கு மேல் முதிர்ந்த ரொன்காலைத் தேடி வாங்குங்கள். கடைக்காரரிடம் ஓரத்துத் துண்டைக் கேளுங்கள், தோலுக்குப் பக்கத்தில்தான் உப்பும் காரமும் அதிகம்.